அனிகட் ஆகிவிட்ட எங்கள் அணைக்கட்டு

இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வட்டை என்று நாங்கள் சொல்லும் எங்கள் வயல்வெளிக்கு மேற்கே, ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சிறிய கட்டு இருக்கிறது. நெஞ்சளவு உயரமும் நடந்தால் அறுபது எட்டு நீளமும் கொண்ட அந்தக் கட்டைத் திருத்திய பின் கரையோரமாக ஒரு பெயர்ப் பலகையை நட்டிருக்கிறார்கள். சிங்கள வரியில் 'அமுண' என்றும், ஆங்கில வரியில் 'அனிகட்' என்றும் எழுதியிருக்கிறார்கள். தமிழ் வரியிலும் 'அனிகட் புனரமைப்பு' என்றே இருக்கிறது. ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தவர், தம் தாய்மொழிச் சொல்லொன்றைத்தான் பெயர்க்கிறோம் என்று அறியாமலே எழுதி முடித்திருக்கிறார்.

உயர்தரம் படிக்கும் என் அக்காவின் மகள் போன சிறுபோகத்தில் என்னோடு வயலுக்கு வந்தபோது அந்தப் பலகையின் முன்னால் நின்றுவிட்டாள். "மாமா, இது என்ன சொல்லு? கட் எண்டா வெட்டுறதுதானே? ஆத்த வெட்டி வாய்க்கால் எடுத்ததால வந்த பேரா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழை காண ஒன்றுமில்லை. எழுத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கட்டியதைக் குறிக்கும் சொல் வெட்டியதைக் குறிப்பதாகத் தலைகீழாகிப் போனது, ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கும் வயல்களுக்கு நீர் பங்கிடும் ஒரு வட்டவிதானையின் மகனாகிய எனக்கும் ஒரே நேரத்தில் வலித்தது. அன்று வரம்பில் நின்று பாதி மட்டும் சொன்னதை இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன்.

ஆங்கில அகராதிகளில் 'அனிகட்' என்ற சொல் இருக்கிறது. இலண்டனில் தெருவில் போகும் ஒருவரிடம் கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்பார். இந்தியாவிலும் இலங்கையிலும் நீர்ப்பாசனத்தோடு தொடர்புள்ளவர்களின் ஆங்கிலத்தில் மட்டும் அது அன்றாடச் சொல்லாக இருக்கிறது. ஆற்றின் குறுக்கே கட்டி, நீர்மட்டத்தை உயர்த்தி, பக்கத்து வாய்க்கால்களுக்கு நீரைத் திருப்பிவிடும் கட்டு என்பது அதன் பொருள். தமிழ் 'அணைக்கட்டு' என்பதே அதன் மூலம் என்பதில் அகராதிக்காரர்களுக்குள் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.

'அணைக்கட்டு' எப்படி 'அனிகட்' ஆனது என்பதைப் பலர் 'வெள்ளைக்காரனுக்கு நாக்கு வராது' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதுமானதாக இல்லை. நாம் பேசும்போது 'அணைக்கட்டு' என்ற சொல்லில் ஐகாரத்தை இரண்டு மாத்திரை அளவுக்கு நீட்டி ஒலிப்பதில்லை. சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் குறுகும் என்று நம் இலக்கணம் ஐகாரக்குறுக்கம் என்ற பெயரில் அதற்கு விதியே வகுத்திருக்கிறது. அப்படிக் குறுகிய ஒலி, கேட்பவர் காதுக்கு அகரம் போலவும் இகரம் போலவும் விழக்கூடியது. பழைய ஆங்கிலக் கடிதங்களில் இச்சொல் ஓரிடத்தில் 'அனகட்' என்றும் பின்னர் 'அனிகட்' என்றும் எழுதப்பட்டதற்கு அதுவே காரணம் என்று நான் கொள்கிறேன். அதுபோல, இறுதியில் நிற்கும் 'டு' குற்றியலுகரம். அரை மாத்திரையே ஒலிக்கும் அந்த உகரத்தை ஆங்கிலக் காது உயிராகவே எண்ணவில்லை. 'சுருட்டு' என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போய் 'ஷெரூட்' ஆனபோதும் உதிர்ந்தது இதே குற்றியலுகரம்தான். ஆங்கிலத்தில் இல்லாத ணகரமும் டகரமும் மட்டுமே உண்மையில் நாக்கு வராமல் மாறிய எழுத்துக்கள். மற்ற மாற்றங்கள் எல்லாம் தமிழர் வாயில் முன்பே இருந்த ஒலிகளை அவர்கள் கேட்டபடி எழுதியதால் வந்தவை. தஞ்சாவூரிலோ திருச்சிராப்பள்ளியிலோ கரை வேலை செய்த ஒரு கூலியாளின் பேச்சு அந்த ஆங்கில எழுத்துக்களில் உறைந்து கிடக்கிறது என்று நினைக்கும்போது, அந்தச் சொல்லை எனக்கு வெறுக்க முடியவில்லை.

ஆங்கிலேயர் இந்தியாவில் பயன்படுத்திய சொற்களைத் திரட்டி ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் என்ற இருவர் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி 1886ஆம் ஆண்டு வெளிவந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்; காவிரிப் படுகையின் வாய்க்கால்களுக்கு நடுவே வாழ்ந்தவர். அந்த அகராதியில் இச்சொல்லுக்கு முதல் சான்றாகத் தரப்பட்டிருப்பது 1776ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. தஞ்சையிலிருந்த ஆங்கிலப் படைத் தளபதிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஆட்சிக் குழு எழுதிய அக்கடிதம், கரை திருத்தும் வேலையைப் பார்க்க அரசர் 'அனகட்'டுக்குப் போக விரும்பினால் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று கூறுகிறது. தம் வயல்களுக்கு நீர் தரும் கட்டைப் போய்ப் பார்ப்பதற்கு ஓர் அரசர் வணிகக் கம்பெனியின் இசைவை எதிர்பார்க்க வேண்டிய நிலையில்தான் அந்தத் தமிழ்ச் சொல் ஆங்கிலத் தாளில் ஏறியது. அப்போது அவர்களுக்கு அது ஓர் இடத்தின் பெயராகவே தோன்றியிருக்க வேண்டும்.

அந்த இடப்பெயரைப் பொறியியல் சொல்லாக மாற்றியது அடுத்த நூற்றாண்டு. கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை, ஏறத்தாழ 1,080 அடி நீளத்துக்குக் காவிரியின் குறுக்கே கிடப்பது. ஆழம் காண முடியாத ஆற்று மணலில் அடித்தளம் எப்படி நிற்கும் என்பதே அதைப் பார்த்த பொறியியலாளர்களின் பெரிய கேள்வியாக இருந்தது. அதற்கான விடை கட்டியவர்களின் பொறுமையில் இருந்தது. பெரிய கற்களை மணல்மேல் போட, நீர் அடியிலுள்ள மணலை அரிக்க, கற்கள் தாழ்ந்துபோகும். தாழ்ந்தவற்றின்மேல் மீண்டும் கற்களைப் போட, அவையும் தாழும். இனித் தாழ்வதற்கு இடமில்லை என்ற நிலை வரும்வரை போட்டுக்கொண்டே இருந்து, அதன்மேல் கட்டை எழுப்பியிருக்கிறார்கள். ஆங்கிலப் பொறியியலாளர் ஆர்தர் காட்டன் இந்த முறையைக் கற்றுக்கொண்டு, 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைத் தொடங்கினார். அடித்தளத்தை மணலில் நிறுத்தும் வித்தையை இந்நாட்டுப் பழைய கட்டுநர்களிடமிருந்தே கற்றோம் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்லணைக்குப் 'பெரிய அனிகட்' என்ற ஆங்கிலப் பெயர் நிலைத்ததும் அந்தக் காலத்திலேதான்.

காட்டன் அதன்பின் 1847க்கும் 1852க்கும் இடையில் கோதாவரியில் தவளேசுவரத்தில் கட்டியதும் அனிகட் என்றே அழைக்கப்பட்டது. தெலுங்கு வழங்கும் நாட்டில் எழுந்த கட்டுக்கும் தமிழ்ப் பெயரே வாய்த்தது. அடுத்துக் கிருஷ்ணா, ஒரிசாவின் மகாநதி, 1870களில் பீகாரில் சோன் ஆறு என்று பொறியியலாளர்கள் போன இடமெல்லாம் சொல்லும் கூடப் போனது. இன்று இராஜஸ்தானத்துக் கிராமங்களில் ஓடையின் குறுக்கே கட்டும் சிறு தடுப்புகளை அவர்கள் தங்கள் இந்தியில் 'எனிகட்' என்றே சொல்கிறார்கள். மழையை எண்ணி எண்ணி வாழும் அந்த மக்களின் வாயில் ஒரு தமிழ்ச் சொல் இருப்பது அவர்களுக்கும் தெரியாது, நம்மில் பலருக்கும் தெரியாது.

இலங்கைக்கும் அது ஆங்கிலத்தின் வழியாகவே வந்தது. 1855 முதல் 1860 வரை ஆளுநராக இருந்த சேர் ஹென்றி வார்ட் கிழக்கின் குளங்களைத் திருத்துவதில் ஊக்கம் காட்டியவர். கமக்காரர் கூடித் தங்கள் பழைய நீர் வழமைகளை உறுதிப்படுத்திக்கொள்ள இடமளித்த 1856ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் காலத்ததே. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியாக அமைந்தபின் வரைபடங்களிலும் மதிப்பீடுகளிலும் 'அனிகட்' நிலையான கலைச்சொல் ஆகிவிட்டது. இன்றும் 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட சிறு பாசனத்தைப் பற்றிப் பேசும்போது, சிறு குளங்களும் அனிகட்டுகளும் என்று ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

இந்தச் சொல்லைத் தனித்துக் காப்பாற்றி வைத்த ஆங்கிலம் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தமிழில் நாம் இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தைத் தேக்கி நிற்கும் மாபெரும் தடுப்பையும் அணைக்கட்டு என்கிறோம். எங்கள் வட்டைக்கு மேலே கிடக்கும் அறுபது எட்டு நீளக் கட்டையும் அணைக்கட்டு என்கிறோம். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. முதலாவது மாரி மழையைப் பிடித்து வைத்துக் கோடையில் கொடுப்பது. இரண்டாவது எதையும் பிடித்து வைப்பதில்லை. வரும் நீரை வாய்க்கால் வாயளவுக்கு உயர்த்திவிட்டு, மிச்சத்தைத் தன் முதுகின் மேலாகவே போகவிடும். ஆங்கிலப் பொறியியலாளர் முதலாவதற்குத் தங்கள் சொந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, இரண்டாவதற்கு நம் சொல்லை ஒதுக்கினார்கள். நம்மிடம் விரிந்து கிடந்த பொருள் அவர்களிடம் போய்க் கூர்மையடைந்தது.

அந்த இரண்டாவது வேலை எப்படி நடக்கிறது என்பதை அறிய எங்கள் கட்டின்மேல் ஒருமுறை நிற்க வேண்டும். அப்பா வட்டவிதானையாக இருந்த காலத்தில், சிறுபோகத்துக்குக் குளத்தின் நீர்வாயிலாகிய துருசு திறந்த செய்தி வந்ததும் விடியலில் மண்வெட்டியும் ஒரு கட்டுக் கயிறுமாகப் புறப்படுவார். கட்டில் நான்கு வாய்கள் உண்டு; ஒவ்வொரு வாயின் இரு பக்கக் கொங்கிறீற்றுத் தூணிலும் விரற்கடை அகலத்தில் ஒரு தவாளிப்பு இருக்கும். அதற்குள் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குவார். முதற் பலகை இறங்கும்போது நீர் அதைக் கவனிப்பதே இல்லை. மூன்றாவதற்குப் பின் ஆற்றின் ஓசை மாறும். இரைச்சல் அடங்கி, பலகை இடுக்குகளில் மட்டும் ஒரு சீறல் கேட்கும். பின்னால் நீர் தளம்பி, கரையோரத்து நாணலின் அடியை மறைத்து, வாய்க்கால் வாயில் நுனிவிரல் அளவு நுழையும். அந்த நேரத்தில் அப்பா களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து இடுக்குகளை அடைத்துவிட்டு, வாய்க்காலின் ஓரத்தில் ஒரு கம்பை ஊன்றி நீரேறும் அளவைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாரி தொடங்குமுன் அந்தப் பலகைகளை எடுத்துவிட வேண்டும்; எடுக்கத் தவறினால் வெள்ளத்தோடு வரும் மரங்கள் அங்கே சிக்கி, நீர் கட்டை விட்டுக் கரையைத் தேடும். 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் கட்டு அசையாமல் நின்றது. ஆறு வலப்பக்கக் கரையை உடைத்துக்கொண்டு கட்டைச் சுற்றிப் போய்விட்டது. நீர் வற்றியபின், நடு மணலில் காய்ந்து நின்ற கட்டையும் அதற்கு அருகே புதிய பாதையில் ஓடும் ஆற்றையும் பார்த்து அப்பா நெடுநேரம் பேசாமல் நின்றார்.

அவர் அதை ஒருநாளும் அணைக்கட்டு என்று முழுமையாகச் சொன்னதில்லை. 'கட்டு' என்றே சொல்வார். "கட்டுக்குப் போறன்" என்றால் ஆற்றங்கரைக்கு, "குளக்கட்டுக்குப் போறன்" என்றால் குளத்துக்கு. அவ்வளவு நுட்பம் அந்தப் பேச்சுக்குள் இருந்தது.

அந்த நுட்பத்தை இழந்தால் என்ன ஆகும் என்பதை ஈராண்டுக்கு முன் நேரில் பார்த்தேன். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து வந்த திட்ட அறிக்கையின் தமிழாக்கம் வாசிக்கப்பட்டது. ஆங்கில மூலத்தில் அனிகட், குளத்தின் கரை என்று இரண்டு வேலைகளுக்குத் தனித்தனித் தொகைகள் இருந்தன. தமிழாக்கத்தில் இரண்டும் 'அணைக்கட்டுத் திருத்தம்' என்றே வந்திருந்தன. குளத்துக்குக் கிட்டியுள்ள வயற்காரர் தங்கள் குளக்கட்டுக்கே இருமுறை காசு ஒதுக்கியிருப்பதாக எண்ணிக்கொண்டார்கள். கடைமடையிலுள்ள எங்களவர் ஆற்றுக்கட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்று கொதித்தார்கள். ஒரு மணித்தியாலம் வரை நடந்த வாக்குவாதத்தில் அண்ணன் தம்பியாகப் பழகியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார்கள். ஆங்கிலப் பிரதியை வரவழைத்து நான் வாசித்துச் சொன்ன பிறகே அமைதி வந்தது. ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கு எழுதியவர் ஏதும் தீங்கு நினைத்து எழுதவில்லை. ஆனால் நீரைப் பங்கிடும் ஊரில் சொல்லைப் பங்கிடத் தவறுவது சிறிய பிழையன்று.

சொல்லின் உள்ளே இருக்கும் பொருளையும் மருமகளுக்குச் சொன்னேன். அணைத்தல் என்றால் தழுவுதல், சேர்த்துக்கொள்ளுதல். தலையணையிலும் பஞ்சணையிலும் இருப்பது அதே அணை. கட்டுதல் என்றால் எழுப்புதல் மட்டுமன்று, பிணித்தல் என்பதும்தான். தொல்காப்பியம் விரைந்து வரும் வெள்ளத்தைத் தடுக்கும் கல்லாலான அணையைக் 'கற்சிறை' என்று சொல்லி, படையைத் தனியொருவனாகத் தாங்கி நிற்கும் வீரனை அதற்கு ஒப்பிடுகிறது. அங்கே நீர் சிறைப்படுகிறது. பின்வந்த 'அணை' என்ற சொல்லில் நீரைக் கைகள் தழுவிக்கொள்கின்றன. எதையும் தேக்காமல், வேண்டியதை மட்டும் திருப்பி மற்றதைப் போகவிடும் எங்கள் கட்டுக்குச் சிறை என்பதைவிட அணை என்பதே பொருத்தம் என்பது என் எண்ணம். குளக்கரைக்கு நம் அலுவலர்கள் ஆங்கிலம் என்று நினைத்துச் சொல்லும் 'பண்ட்' என்ற சொல்லோ பாரசீகத்திலிருந்து இந்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதன் அடிப்பொருளும் கட்டுதல், பிணித்தல் என்பதே. பாரசீகரும் தமிழரும் ஒருவரையொருவர் கேட்காமலே, நீரைத் தடுப்பதற்குக் கயிற்றின் வினையையே எடுத்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்த அன்றிரவு, கமக்காரர் அமைப்பின் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். பெயர்ப் பலகையின் தமிழ் வரியை 'அணைக்கட்டு' என்று திருத்த வேண்டும் என்றும், இனிவரும் தமிழாக்கங்களில் ஆற்றின் குறுக்கே நீரைத் திருப்புவதற்கு அணைக்கட்டு, குளத்தின் கரைக்குக் குளக்கட்டு, நீரைத் தேக்கும் பெருந்தடுப்புக்கு அணை என்று மூன்றையும் பிரித்தே எழுத வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தேன். நான்காவதாக, குளத்திலிருந்து நீரைத் திறந்துவிடும் வாயிலுக்கு 'மதகு' என்று எழுத வேண்டும் என்றும் சேர்த்திருந்தேன்.

மறுநாள் அமைப்பின் செயலாளரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது, அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தார். முதல் மூன்றுக்கும் தலையசைத்தவர், நான்காவதில் நிறுத்தினார். "மதகு எண்டா இஞ்ச றோட்டுக்குக் கீழால தண்ணி போறதெல்லோ தம்பி" என்று சொல்லி, பேனையை வாங்கி 'மதகு' என்பதை வெட்டிவிட்டு, அதன்மேல் 'துருசு' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்.